நேரடி உப்புத்தண்ணீர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், கீல் குழாய்: குமரிக் கடலில் எஞ்சின் சூடேறாமல் ஓட எதைப் போடுவது?

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகு கரையேறும், எஞ்சின் பிரிபடும். சின்னமுட்டத்தில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் இருப்பதால் சித்திரையில் தொடங்கும் எஞ்சின் பேச்சு ஆடி வரை ஓயாது. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "ஹெட் கேஸ்கட் திரும்பவும் போச்சு. இந்தத் தடவ கூலிங்கையே மாத்திரலாமா? மாத்தினா ஹீட் எக்ஸ்சேஞ்சரா, கீல் கூலிங்கா?"

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, எஞ்சின் சூடேறினால் அது போய்விடும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் எஞ்சினுக்குள் சுற்றும் தண்ணீரைக் கடல்தண்ணீர் ஒரு டப்பாவுக்குள் ஆற்றும், கீல் கூலிங்கில் அந்தத் தண்ணீரே படகுக்கு அடியில் உள்ள குழாய்க்குப் போய் ஆறும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்கு இல்லை. மணக்குடிக் கரையில் இழுத்துப் போடும் வள்ளத்தின் பிரச்சினை வேறு. தூத்தூர்க்காரர்கள் லட்சத்தீவுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் படகின் பிரச்சினை வேறு. ஆனால் பலரும் எஞ்சின் கடையின் விலைப்பட்டியலை வைத்தே இதை முடிவு செய்கிறார்கள். படகு எங்கே ஓடுகிறது, எங்கே கட்டிக் கிடக்கிறது, கடலில் நின்றுபோனால் கைக்கு எட்டுவது என்ன என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள எல்லாமே அந்தக் கணக்குதான்.

## மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம்

சூடேறும் எஞ்சின் எல்லாவற்றுக்கும் கூலிங் காரணம் இல்லை. புரொப்பல்லர் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் எஞ்சின் முழு சுற்றுக்கு ஏற முடியாமல் திணறும், கரும்புகை தள்ளும், சூடேறும். அடித்தட்டில் சிப்பியும் பாசியும் ஏறிய படகும், புரொப்பல்லரில் வலை சுற்றிய படகும் இதே போலத்தான். இவற்றைப் பார்க்காமல் புதிய கூலிங்குக்குப் பணம் போட்டால் அடுத்த வருடமும் அதே ஹெட் கேஸ்கட்தான் கையில் வரும். வெறும் படகில் முழு த்ராட்டில் கொடுத்து, எஞ்சின் புத்தகத்தில் சொன்ன சுற்றை எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். எட்டவில்லை என்றால் வேலை அடித்தட்டில் அல்லது புரொப்பல்லரில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் நம் மேற்குக் கரையில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். ஆகஸ்ட் 1 அன்று கடலுக்குப் போகும் படகு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் ஓடுவதால் குறை தெரியாது. பங்குனி, சித்திரையில் கடல் 30 டிகிரிக்குப் போகும்போது அதே எஞ்சின் முள் மேலே ஏறும். "போன மாசம் வரை நல்லாத்தான் ஓடிச்சு" என்று சொல்வதில் பாதி இந்தக் கதைதான்.

## சூடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு

எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பல்லர் தண்டுக்குப் போகும். இன்னொரு பெரும்பங்கு புகையோடு போய்விடும். மீதியைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். 100 குதிரைசக்தி, அதாவது சுமார் 75 கிலோவாட் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது தண்ணீர் சுமக்க வேண்டிய வெப்பம் 60 கிலோவாட்டுக்குப் பக்கம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்தண்ணீர் 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியேற வேண்டுமானால் நிமிடத்துக்கு 90 லிட்டர் அளவுக்கு ஓட வேண்டும். வலைத்துண்டோ பிளாஸ்டிக் பையோ பாதி வழியை அடைத்து 45 லிட்டர் ஆனால், வெளியேறும் தண்ணீரின் சூடு இரட்டிப்பாக, 20 டிகிரி ஏறும். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்தது உப்பு. நம் கடல்தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நாம் சமைக்கும் உப்பைவிட எஞ்சினுக்குப் பகை அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும்தான். சூடான இரும்பில் படும் கடல்தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினால் இவை சுவரில் படியத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் படிவு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த வார்ப்பிரும்பு அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும். படிவு ஏறினால் சூடு கூடும், சூடு கூடினால் படிவு இன்னும் வேகமாக ஏறும். எஞ்சின் ஒரே நாளில் இறுகிப்போய் நின்றது போலத் தெரிந்தாலும் உள்ளே பல மாதமாக இது நடந்துகொண்டிருக்கும்.

## எதையெல்லாம் எடைபோட வேண்டும்

முதல் கேள்வி தூரம். முட்டத்திலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் படகு நின்றால் இன்னொரு படகு கட்டி இழுத்து வரும். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல்மைல் தள்ளி நின்றால் அப்படி யாரும் இல்லை. ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-ஐ மறந்த கரை இந்த மாவட்டத்தில் கிடையாது. காற்றில் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அலைக்கு நேரே பிடிக்க எஞ்சின் ஓடியாக வேண்டும். எனவே தூரம் கூடக் கூட, "எது கெடாது" என்பதைவிட "எது கெட்டால் நாமே சரிசெய்யலாம்" என்பது முக்கியமாகிறது.

இரண்டாவது, தண்ணீரில் என்ன மிதக்கிறது என்பது. மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் சிர்கானும் இருக்கின்றன. கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டும் கல். அது பம்புக்குள் போனால் ரப்பரையும் வெண்கலத்தையும் தேய்த்துவிடும். மழைக்காலத்தில் குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்திலும் பழையாறு மணக்குடியிலும் கொண்டுவந்து தள்ளும் சேறு, சில பருவங்களில் கூட்டமாக வரும் இழுது மீன், வருடம் முழுக்க மிதக்கும் பிளாஸ்டிக் பை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

மூன்றாவது, படகு எங்கே கிடக்கிறது: துறைமுகத்தில் மிதந்தா, கரையில் ஏறியா? நான்காவது, கழுவ நல்ல தண்ணீர் இருக்கிறதா? ஐந்தாவது, வாங்கும் விலையோடு நிற்காமல் ஐந்து வருடம் வைத்து நடத்தும் செலவு.

## நேரடி உப்புத்தண்ணீர்

பம்ப் கடலிலிருந்து இழுக்கும், எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே ஓடவிடும், வெளியே தள்ளும். குழாய் குறைவு, விலை குறைவு. ஒரு மெக்கானிக்கும் இல்லாத ஊரிலும் புரிந்துகொள்ளக்கூடிய அமைப்பு. வள்ளத்து அவுட்போர்டு எஞ்சின்கள் இந்த வகைதான். அவற்றுக்கு வேறு வழி இல்லை என்பதால் அவற்றைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இங்கே பேசுவது படகுக்குள் வைக்கும் டீசல் எஞ்சின்.

படிவைத் தவிர்க்க இந்த எஞ்சினை 60 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அதற்கேற்ற தெர்மோஸ்டாட்தான் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) போடுவார்கள். டீசல் எஞ்சின் 80 டிகிரிப் பக்கம் ஓடும்போதுதான் எண்ணெய் நன்றாக எரியும். குளிர்ந்து ஓடும் எஞ்சினில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், மசகு எண்ணெயில் ஈரம் சேர்ந்து கசடாகும். இந்தச் செலவு எந்த பில்லிலும் தனியாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் டேங்கில் நடக்கிறது.

சூடு குறையவில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும், எதிர்ப்பக்கமாக எண்ணெய் மிச்சம் பிடிக்க அதிக டிகிரி தெர்மோஸ்டாட் மாட்டுவதும் இரண்டுமே தவறு. முதலாவதில் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். சிலவற்றில் தண்ணீர் சுற்றும் வழியே மாறி ஒரு மூலை மட்டும் வெந்துபோகும். இரண்டாவதில் படிவு ஓட்டமாக ஏறும்.

மிக ஆபத்தானது இன்னொன்று. பழைய லாரி எஞ்சினை வாங்கி, ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, கடல்தண்ணீர்க் குழாயை நேராக மாட்டுவது. லாரி எஞ்சின் கூலன்ட்டுக்காக, அதாவது துருத்தடுப்பு மருந்து கலந்த குளிர்விப்பு நீருக்காக, செய்யப்பட்டது. அதன் வழிகள் குறுகலானவை, பல பாகங்கள் அலுமினியம். உப்பும் வெவ்வேறு உலோகங்களும் சேர்ந்தால் மென்மையான உலோகம் கரைந்துபோகும். இதை யார் குறைந்த விலைக்குச் செய்துதருவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிறகு இது யாருக்கு? கரைக்கு அருகில் தினமும் போய்வரும், சிறிய, இந்த வகைக்கென்றே வடிவமைத்த எஞ்சின் வைத்திருப்பவருக்கு. தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வசதியும் அதற்கான பொறுமையும் இருந்தால் இது பல வருடம் உழைக்கும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

## ஹீட் எக்ஸ்சேஞ்சர்

எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் மூடிய வட்டமாகச் சுற்றும். கடல்தண்ணீர் வெளியே ஒரு டப்பாவுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களின் வழியாக ஓடி அந்த வட்டத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். உப்பு எஞ்சின் பிளாக்கைத் தொடாது. வட்டம் மூடியிருப்பதால் அழுத்த மூடி போடலாம். அதனால் கொதிநிலை 100 டிகிரிக்கு மேலே போகும், எஞ்சின் தனக்கு உகந்த 80 டிகிரிப் பக்கத்தில் நிம்மதியாக ஓடும். பெரிய எஞ்சினுக்கு இதன் நன்மையைக் கேள்வி கேட்க இடமில்லை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கடல்தண்ணீர் பம்பின் இம்பெல்லர். ரப்பர் இதழ் கொண்ட சக்கரம் அது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு நிமிடத்துக்குள் கூடக் கருகிவிடும். சீ வால்வை, அதாவது கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வை, திறக்க மறந்து எஞ்சினைத் தட்டினால் (ஸ்டார்ட் செய்தால்) போதும். தங்குகடல் படகில் எஞ்சின் ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் 25 நாளில் 250 மணி நேரம். பல எஞ்சின்களில் இம்பெல்லரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் நேரம் இதே அளவுதான். "வருடத்துக்கு ஒன்று" என்பது உல்லாசப் படகுக்காரர் கணக்கு. நம் ஆட்களுக்கு ஒரு தங்கலிலேயே அது முடிந்துவிடும். எனவே மாற்று இம்பெல்லர், அதன் கேஸ்கட், அதைக் கழற்றும் சாவி மூன்றும் ஒரே டப்பாவில் படகிலேயே இருக்க வேண்டும். படகில் இருக்கும் இருவருக்காவது அதை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். கரையில் கட்டியிருக்கும்போது ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகுங்கள். அலையில் ஆடும்போது முதல்முறையாகக் கற்றுக்கொள்ள முடியாது.

இம்பெல்லர் உடைந்து புதியது போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். உடைந்த இதழ்களை எண்ணிப் பாருங்கள். குறைகிற துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது, துத்தநாகக் கட்டி. ஊர்க்கடைகளில் சிங்க் என்று கேட்டால் தருவார்கள். டப்பாவுக்குள் பென்சில் போலத் திருகியிருக்கும். செப்புக் கலவைக் குழாய்கள் கரைவதற்குப் பதிலாக அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அது முழுதும் கரைந்தால் அடுத்தது குழாய்தான். குழாய் ஓட்டையானால் உப்பு கூலன்ட்டுக்குள் போகும் அல்லது கூலன்ட் கடலுக்குள் போகும். காரணம் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் மூடியை மட்டும் சந்தேகப்படாதீர்கள். எஞ்சின் ஆறியபின் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாலே பிசுபிசுப்பும் நிறமாற்றமும் சொல்லும். கூலன்ட் நஞ்சு, வாயில் வைத்துச் சுவை பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, உள் வட்டத்தில் என்ன ஊற்றுகிறீர்கள் என்பது. கரையோரக் கிணறு உவராகவும் கடினமாகவும் இருக்கும். அதை ஊற்றினால் கடலைத் தடுத்து நிறுத்திவிட்டு உவரை உள்ளே கூப்பிட்டதாகும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வரும் கூலன்ட்டை வாங்குங்கள். நம் கடலில் உறைபனி கிடையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துக்காகத்தான் அது.

நான்காவது, ஈரப் புகைக்குழாய் உள்ள படகில், கடல்தண்ணீர் புகையோடு கலக்கும் முழங்கை. கரியும் உப்பும் சேர்ந்து உள்வழி அடைபடும். வெளியே பார்த்தால் தெரியாது. கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், பெரிய டீசல் எஞ்சினுக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். இதில் கெடும் பாகம் ஒவ்வொன்றும் சின்னது, படகில் வைத்துக்கொள்ளக்கூடியது, தண்ணீருக்குள் இறங்காமல் மாற்றக்கூடியது.

பழைய நேரடி உப்புத்தண்ணீர் எஞ்சினை இதற்கு மாற்றுபவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிளாக்குக்குள் ஏற்கெனவே ஏறிய படிவும் துருவும் கூலன்ட் ஊற்றியதும் இளகி வந்து புது ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைக்கும். முதலில் படிவு நீக்கும் மருந்தால் கழுவி, துருவை வெளியேற்றி, தெர்மோஸ்டாட்டையும் அதிக டிகிரிக்கு மாற்ற வேண்டும். கழுவும்போதே ஏதாவது ஓரிடத்தில் கசியத் தொடங்கினால், அதுவரை அந்தப் படிவுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அந்த எஞ்சினில் மேலும் பணம் போடாதீர்கள்.

## கீல் குழாய்

இதிலும் உள்ளே கூலன்ட்தான் சுற்றும். ஆனால் கடல்தண்ணீர் படகுக்குள் வருவதே இல்லை. கூலன்ட்தான் படகின் அடிக்கட்டையை ஒட்டிய குழாய்களுக்குள் வெளியே போய், கடலில் ஆறிவிட்டு உள்ளே திரும்புகிறது. எஞ்சின் கூலிங்குக்குக் கடல்தண்ணீர் பம்ப் இல்லை, இம்பெல்லர் இல்லை, ஸ்ட்ரெய்னர் (கடல்தண்ணீர் வடிகட்டி) அடைப்பு இல்லை. மணலும் இழுது மீனும் பிளாஸ்டிக் பையும் எஞ்சினை நிறுத்த முடியாது. சேறு கலங்கும் பொழிமுகங்களில், அதாவது ஆறு கடலில் சேரும் இடங்களில், இது பெரிய வரம்.

இதன் குறைகள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல்திட்டு படகை என்ன செய்யும் என்று இந்தக் கரைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடி தட்டினால் முதலில் நசுங்குவது இந்தக் குழாய். கூலன்ட் முழுதும் கடலுக்குப் போய்விட்டால் நடுக்கடலில் எதுவும் செய்ய முடியாது. அடிக்கட்டையின் பக்கவாட்டில் உள்ளொதுங்கிப் பொருத்தி, முன்னால் ஒரு காப்புத் தகடு வைத்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் நாட்களில் இரும்புக் குழாயில் சிப்பி ஏறும். சிப்பி ஏறிய குழாய் சூட்டை விடாது. பாசி வராமல் இருக்கப் பெயின்ட்டைத் தடியாக அடித்தால் அந்தப் பெயின்ட்டே சூட்டைத் தடுக்கும். செம்பு நிக்கல் கலவைக் குழாயில் சிப்பி ஒட்டுவது குறைவு, ஆனால் விலை அதிகம். இரும்புப் படகில் அதைப் போட்டால் இரண்டு உலோகமும் நேராகத் தொடாதபடி பிரித்து வைக்க வேண்டும்.

பெரிய குறை அளவு எடுப்பதில் வருகிறது. ஓடும் படகின் அடியில் தண்ணீர் வேகமாக நழுவும், குழாய் நன்றாக ஆறும். மடி (இழுவலை) இழுக்கும் படகு மணிக்கு 2, 3 கடல்மைல் வேகத்தில், ஆனால் எஞ்சின் முழு பாரத்தில் ஓடும். சூடு முழுதாக வரும், ஆற்றும் தண்ணீர் மெதுவாக நழுவும். ஓட்ட வேகத்துக்கு அளவெடுத்த குழாய் இழுவையில் போதாது. நின்றபடி தூண்டிக் கயிறு இழுக்கும் படகில் கயிறு சுற்றும் விஞ்ச் இயந்திரமும் ஜெனரேட்டரும் அதே வட்டத்தில் இருந்தால் அதற்கும் இதே நிலைதான். கீல் குழாய் போட்டு "கம்பனி சரியில்ல" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் நடந்தது இந்த அளவுப் பிழை. ஆர்டர் கொடுக்கும்போது "கடல் 30 டிகிரி, வேகம் 2 கடல்மைல், எஞ்சின் முழு பாரம்" என்று சொல்லி, அதற்குத்தான் அளவெடுத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இதோடு பெரும்பாலும் உலர் புகைக்குழாய்தான் வரும். எஞ்சின் அறை சூடாகும், சத்தம் கூடும், புகைக்குழாய்க்குக் கனமான வெப்பக்காப்பு சுற்ற வேண்டும். மரப்படகில் இதை அலட்சியமாக விட்டால் தீ ஆபத்து.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | நேரடி உப்புத்தண்ணீர் | ஹீட் எக்ஸ்சேஞ்சர் | கீல் குழாய் |
|---|---|---|---|
| வாங்கும் செலவு | குறைவு | அதிகம் | அதிகம். படகு கரையேற வேண்டும் |
| எஞ்சின் ஆயுள் | உப்பால் குறையும் | நீளும் | நீளும் |
| மணல், சேறு, பிளாஸ்டிக் | நேராகப் பாதிக்கும் | பம்ப், ஸ்ட்ரெய்னரைப் பாதிக்கும் | ஏறக்குறைய பாதிப்பில்லை |
| அடி தட்டினால் | பயமில்லை | பயமில்லை | குழாய் நசுங்கலாம் |
| மெதுவான முழு பார இழுவை | பம்ப் நன்றாக இருந்தால் சரி | பம்ப் நன்றாக இருந்தால் சரி | பெரிய அளவில் போட்டால்தான் சரி |
| நடுக்கடலில் பழுது | பம்ப் மட்டும் மாற்றலாம் | பெரும்பாலும் மாற்றலாம் | வெளிக்குழாயைத் தொட முடியாது |
| ஒளிந்த செலவு | எண்ணெய், தினக் கழுவல் | இம்பெல்லர், சிங்க், முழங்கை | சிப்பி சுரண்டல், வெப்பக்காப்பு |

## யாருக்கு எது

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்துத் தங்குகடல் படகுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதோடு கடல்தண்ணீர்ப் பக்கத்தில் இரண்டு ஸ்ட்ரெய்னரை இணையாக வைத்து நடுவில் வால்வு போடுங்கள். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றொன்று ஓடும், எஞ்சினை நிறுத்த வேண்டாம். பில்ஜ் பம்பையோ (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) தளம் கழுவும் பம்பையோ அவசரத்துக்குக் கூலிங்கில் இணைக்க ஒரு கிளைக் குழாயும் வைத்துவிட்டால், பம்ப் முழுதும் போனாலும் மெதுவாகக் கரைக்கு வரலாம்.

முட்டம், குளச்சலில் இருந்து போய்வரும், மணலும் சேறும் அதிகம் உள்ள ஆழம் குறைந்த இடத்தில் இழுக்கும் விசைப்படகுக்குக் கீல் குழாயை நான் தயங்காமல் சொல்வேன், இழுவைக்கு அளவெடுத்திருந்தால். வருடத்துக்கு ஒருமுறை தடைக்காலத்தில் எப்படியும் படகு கரையேறுகிறது, சுரண்டும் வேலை அதோடு முடியும். சின்னமுட்டத்துப் படகுகளில் பார் (கடலடிப் பாறை) உள்ள இடங்களை ஒட்டிப் போகிறவர்கள் காப்புத் தகடு இல்லாமல் இதைப் போட வேண்டாம்.

தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தைத் தினமும் கடப்பவருக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சேறு கீல் பக்கம் இழுக்கிறது, மணல்திட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கம் இழுக்கிறது. இங்கே ஹீட் எக்ஸ்சேஞ்சரையே சொல்வேன். சேற்றால் வரும் அடைப்பைக் கையால் எடுக்கலாம், நசுங்கிய குழாயை எடுக்க முடியாது.

## வள்ளத்து அவுட்போர்டு

இங்கே கூலிங்கை மாற்றும் தேர்வு இல்லை, கழுவும் முறையைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். அலுமினியம் உடல், குறுகிய வழிகள், நேரடி உப்புத்தண்ணீர். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினானால் கரியும் அதிகம். கழுவாமல் விட்ட உப்பு வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டால் மறுநாள் தண்ணீர் அதைக் கரைப்பது கஷ்டம். எனவே எவ்வளவு நேரம் கழுவினோம் என்பதைவிட, காய்வதற்கு முன் கழுவினோமா என்பது முக்கியம்.

மூன்று வழி உண்டு. பேரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி மெதுவாக ஓடவிடுவது முதல் வழி. தண்ணீர் இழுக்கும் துளை நன்றாக மூழ்க வேண்டும், தண்ணீர் சூடாகித் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட வேண்டும். திறக்காவிட்டால் எஞ்சின் தலைப்பகுதிக்குள் நல்ல தண்ணீர் போகவே இல்லை. 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, துளைகளின் மேல் காதுபோல் மாட்டும் ரப்பர்க் கப்பும் குழாய்த்தண்ணீரும். தண்ணீர் கொஞ்சமாகத்தான் செலவாகும், ஆனால் குழாயில் அழுத்தம் வேண்டும். குடம் சுமக்கும் ஊரில் இது நடக்காது. மூன்றாவது, சில புதிய எஞ்சின்களில் இருக்கும் கழுவல் இணைப்பு. எஞ்சினை ஓட்டாமலே கழுவலாம், சத்தமும் எண்ணெய்ச் செலவும் இல்லை. நம் கரைகளுக்குப் பேரல்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே பேரலில் நான்கு வள்ளக்காரர்கள் அடுத்தடுத்துக் கழுவினால் தண்ணீர் மிச்சம்தான், ஆனால் நாலாவது ஆள் கழுவுவது ஏற்கெனவே உப்பேறிய தண்ணீரில் என்பதால் அடிக்கடி மாற்றுங்கள்.

நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் கொஞ்சம் உவரான கிணற்றுத் தண்ணீரிலாவது கழுவுங்கள். கடலின் 35 கிராமோடு ஒப்பிட்டால் அந்த உவர் எவ்வளவோ மேல். கழுவிய பிறகு எஞ்சினை நிமிர்ந்தபடி வைத்து முழுதும் வடியவிட்டுத்தான் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் மிச்சத் தண்ணீர் சிலிண்டர் பக்கம் போகும்.

அலை உடையும் இடத்தில் கலங்கிய மணலோடு எஞ்சினைத் தட்டாதீர்கள். துடுப்பால் தள்ளி ஆழம் வந்ததும் தட்டுங்கள். தட்டியதும் பின்னால் பீச்சுகிற தண்ணீர்க் கோட்டைப் பாருங்கள். கோடு மெலிந்தால் முதலில் அந்தத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள், அங்கேயே மணல் அடைத்திருக்கலாம். அதன் பிறகும் மெலிந்தே இருந்தால் இம்பெல்லரை மாற்றுங்கள்.

## அலாரம்

எந்த வகையைப் போட்டாலும் வெப்பமானி முள்ளை மட்டும் நம்பாதீர்கள். உணர்வி தண்ணீரில் நனைந்திருக்கும்வரைதான் சரியாகச் சொல்லும். கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றைத் தொட்டுக்கொண்டு குறைவான சூட்டைக் காட்டும். உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே கூலன்ட் மட்டம் குறைந்தால் ஒலிக்கும் அலாரம் ஒன்றும், ஈரப் புகைக்குழாய் இருந்தால் அதன் மேல் சூடு உணரும் அலாரம் ஒன்றும் வையுங்கள். இரண்டாவது, கடல்தண்ணீர் நின்றவுடனே கூவும், கூலன்ட் சூடேறும் முன்பே. உங்களுக்குச் சில நிமிடம் கிடைக்கும்.

கூவினால் உடனே வேகத்தைக் குறைத்து, கியரை எடுத்து, கடல்தண்ணீர் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நிறுத்துங்கள். வருகிறது, கூலன்ட்டும் இருக்கிறது என்றால் சும்மா ஓடவிட்டே ஆறவிடலாம், திடீரென நிறுத்தினால் உள்ளே தங்கிய சூடு ஹெட்டைக் கோண வைக்கும். சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கவும் கூடாது, அதன் மேல் கடல்தண்ணீரை ஊற்றவும் கூடாது. முதலாவது முகத்தை வேகவைக்கும், இரண்டாவது ஹெட்டில் வெடிப்பு விழச் செய்யும். கிளம்பும் முன் துறையிலேயே அலாரம் கூவுகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழுங்கள்.